குட்டிக் குதிரை மேல குழந்தையை ஏத்தாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல, லீவுல பசங்களை எந்தெந்தப் பயிற்சியில சேர்க்கலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல குதிரை சவாரிக்குன்னு ஒரு பெரிய கலர் போட்டோ, ஒன்பது பத்து வயசுப் பையன் ஒருத்தன் குதிரை மேல உட்கார்ந்து ரெண்டு கையாலயும் லகானைத் தன் நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருக்கான், பத்தே நாள்ல குதிரையை அடக்கிட்டான்னு அதுக்குக் கீழ பாராட்டி எழுதியிருந்தீங்க. அந்தப் பக்கத்தை நான் மூணு தடவை எடுத்துப் பார்த்தேன், ராத்திரி தூக்கம் வரல, அதனால தான் இந்த லெட்டர்.

நான் ஒரு சின்ன லாயத்துல இளங்குதிரைங்களைப் பழக்கறது, புதுசா வர்றவங்களுக்கு சவாரி சொல்லிக்குடுக்கறதுன்னு ரெண்டு வேலையும் 18 வருஷமா பண்ணிட்டு இருக்கேன். மொத்தமே 7 குதிரை தான் எங்ககிட்ட. அந்தப் போட்டோவுல நிறைய பேர் பையனோட தைரியத்தைப் பார்த்திருப்பாங்க, எனக்குக் கண்ணு போனது குதிரை மேல. அதோட பின்பக்கம் முன்பக்கத்தை விட உசந்து நிக்குது, நெஞ்சு இன்னும் அகலம் விழல, காலு மட்டும் உடம்புக்குச் சேராத நீளத்துல இருக்கு, அது வளர்ந்துட்டு இருக்கற குதிரை. ரெண்டு வயசு இருக்கும், மிஞ்சிப் போனா ரெண்டரை. பல்லைப் பார்க்காம வயசை அடிச்சுச் சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா வாய் பொளந்திருக்கு, காது ரெண்டும் பின்னாடி படுத்திருக்கு, கண்ணோரம் வெள்ளை தெரியுது, வால் ஒரு பக்கமா விசிறி நிக்குது, இதெல்லாம் போட்டோவுலயே பளிச்சுனு இருக்கு, குதிரையோட பழகினவங்க யாரு பார்த்தாலும் அது பயத்துலயும் வலியிலயும் இருக்குன்னு தான் சொல்லுவாங்க. பையன் தலையில ஹெல்மெட் இல்ல, கால்ல சாதா செருப்பு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான். சவாரி தெரியாத ஆளையும் சவாரி பழகாத குதிரையையும் ஒண்ணா சேர்க்கக்கூடாது. ரெண்டுல யாராவது ஒருத்தருக்காவது வேலை தெரிஞ்சிருக்கணும். குதிரை புதுசுன்னா மேல உட்கார்றவர் பழகினவரா இருக்கணும், ஆள் புதுசுன்னா கீழ நிக்கறது வயசான, நிதானமான, ஆயிரம் பேரைச் சுமந்த குதிரையா இருக்கணும். குழந்தையும் குட்டியும் ஒண்ணா வளர்ந்தா ஒண்ணை ஒண்ணு புரிஞ்சுக்கும்னு நிறைய அப்பா அம்மா நம்பறாங்க, கேட்க நல்லா தான் இருக்கு, ஆனா அது நடக்கறது கிடையாது, ரெண்டும் பயந்துபோகும், ஒண்ணோட பயம் இன்னொண்ணைத் தூண்டிவிடும், கடைசியில ரெண்டுக்கும் அடிபடும்.

ரெண்டு வயசுக் குதிரை பார்க்கறதுக்குப் பெரிய குதிரை மாதிரியே இருக்கும், உசரத்துல முக்கால்வாசிக்கு மேல வந்துடும், அதுல தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. உள்ள எலும்பு இன்னும் முடியல. எலும்போட நுனியில வளர்றதுக்குன்னு ஒரு மெத்துன்னு இருக்கற பகுதி உண்டு, வளர்ச்சி முடிஞ்சப்பறம் தான் அது கெட்டியாகி மூடும். குதிரைக்கு இது கீழேர்ந்து மேல போகும், குளம்புக்கு மேல இருக்கற சின்ன எலும்புங்க முதல் வருஷத்துலயே மூடிடும், முன்னங்கால் முட்டிக்கு மேல இருக்கறது மூட ரெண்டு ரெண்டரை வருஷம் ஆகும், முதுகெலும்பு தான் எல்லாத்துக்கும் கடைசி, அஞ்சு வயசு தாண்டியும் கூட ஆகும். நாம சேணம் போட்டு உட்கார்றது எங்க? அந்த முதுகெலும்பு மேல தான். உடம்புலயே கடைசியா முதிர்ற இடத்துல, இன்னும் முதிராதப்பவே பாரத்தை வைக்கறோம்னு நினைச்சுப் பாருங்க. அதுக்காக அஞ்சாறு வயசு வரைக்கும் தொடவே கூடாதுன்னு சொல்ல வரல, இளசுல நல்லா நடக்கவிட்டா, வெளியில ஓடி ஆடவிட்டா எலும்பு பலமாகத்தான் செய்யும், பாரம் ஏத்தறதை மட்டும் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமா பண்ணனும்.

அடுத்தது வாய். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. குதிரைக்கும் நம்மள மாதிரி பால் பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும், முன்பல்லுல நடு ஜோடி ரெண்டரை வயசு வாக்குல மாறும், அதுக்கு அடுத்த ஜோடி மூணரை, ஓரத்து ஜோடி நாலரை, அஞ்சு வயசுல தான் வாய் முழுசாகும், கடைவாய்ப் பல்லும் இதே காலத்துல தான் மாறுது. அதாவது நாம முதல் தடவையா கடிவாளம் போட்டு இரும்பை வாய்க்குள்ள வைக்கற அதே வயசுல அதுக்கு ஈறு வீங்கிக் கெடக்கு. சில குதிரைக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி ஓநாய்ப் பல்லுன்னு ஒரு சின்னப் பல் முளைச்சு கடிவாள இரும்பு படற இடத்துலயே நிக்கும், அதைக் கால்நடை டாக்டர்கிட்ட காட்டாம கடிவாளம் போட்டா ஒவ்வொரு தடவை லகானை இழுக்கும்போதும் குதிரைக்கு உசுரு போகும். தலையை ஆட்டுது, திமிர் புடிச்ச குதிரைன்னு அடிக்கறாங்க. வாயைத் திறந்து பார்த்தாங்களா? நான் பார்த்த வரைக்கும் திமிர்னு சொல்லி எங்ககிட்ட அனுப்பின குதிரைங்கள்ல பாதிக்கு மேல வாய், முதுகு, குளம்பு இந்த மூணுல ஏதோ ஒரு இடத்துல வலி இருந்துச்சு.

குதிரைக்கு வலியைச் சொல்லத் தெரியும், நமக்குத் தான் கேட்கத் தெரியல. இங்கிலாந்துல சூ டைசன்னு ஒரு குதிரை டாக்டர், சவாரி பண்ணும்போது குதிரை காட்டற 24 நடவடிக்கையைப் பட்டியல் போட்டு 2018ல வெளியிட்டாங்க, காது பின்னாடி போறது, வாயைத் திறந்து திறந்து மூடறது, வாலை விசிறிட்டே இருக்கறது, பின்னங்கால் குளம்பு தரையில இழுபடறது இந்த மாதிரி. அதுல 8 அல்லது அதுக்கு மேல தெரிஞ்சா எலும்புலயோ தசையிலயோ வலி இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு அவங்க கணக்கு. நான் எங்க பசங்களுக்கு இதை ஒரு விளையாட்டு மாதிரி சொல்லிக்குடுத்திருக்கேன், ஓரத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கறவங்க விரல் விட்டு எண்ணனும். ஒரு நாள் எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி வந்து, மாஸ்டர் இது இன்னிக்கு இடது பக்கம் திரும்பும்போது மட்டும் வாலை அடிக்குதுன்னு சொன்னா, இறக்கிப் பார்த்தா சேணத்துக்கு அடியில இருந்த துணி மடிஞ்சு தோல்ல தடிச்சுப் போயிருந்துச்சு. நான் கவனிக்கல, அந்தக் குழந்தை கவனிச்சா. சவாரி கத்துக்கறதுன்னா எனக்கு முதல்ல அது தான்.

இளங்குதிரையைப் பழக்கறதுன்னா ஏறி உட்கார்றதுன்னே ஜனங்க நினைக்கறாங்க, ஏறி உட்கார்றது கடைசி. எங்ககிட்ட இப்ப ஒரு பெட்டைக் குட்டி இருக்கு, செவலைன்னு கூப்பிடுவோம், மூணரை வயசு ஆச்சு. அது பிறந்ததுலேர்ந்து என் கையில தான் வளருது. முதல் வருஷம் என்ன பண்ணோம்னா மூக்குக்கயிறு மாதிரி இல்லாம முகத்தைச் சுத்தி ஹால்ட்டர் போட்டுப் பழக்கறது, உடம்பு பூரா தொட்டுத் தடவறது, நாலு காலையும் தூக்கிக் காட்டப் பழக்கறது, இது தான், ஏன்னா ஆறிலேர்ந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவியே ஆகணும், காலைத் தூக்க விடாத குதிரை வளர்ந்தப்பறம் லாடக்காரரை உதைச்சுத் தள்ளிடும். தனியா வளர்க்கக்கூடாது, அம்மாவோடயும் மத்த குதிரைங்களோடயும் விடணும், குதிரை கூட்டமா வாழற ஜீவன், மரியாதை, எல்லை இதெல்லாம் அதுங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்குடுக்கும். குட்டியா இருக்கும்போது முன்னங்காலைத் தூக்கி தோள்ல வச்சா அழகா இருக்குன்னு போட்டோ எடுக்கறாங்க, சட்டையைக் கடிச்சா சிரிக்கறாங்க, அதே குட்டி 400 கிலோ ஆனப்பறம் அதையே பண்ணும்போது சவுக்கை எடுக்கறாங்க, அதுக்கு என்ன புரியும்? நேத்து வரைக்கும் சரின்னு சொன்ன விஷயத்துக்கு இன்னிக்கு அடி வாங்குது.

குதிரை எப்படிக் கத்துக்குதுங்கறதை எல்லா அப்பா அம்மாவும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறேன், ஏன்னா இது தெரிஞ்சா எந்த லாயம் நல்ல லாயம்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. குதிரைக்கு லேசா ஒரு அழுத்தம் குடுக்கறோம், உதாரணத்துக்கு ஹால்ட்டர் கயிறை முன்னாடி லேசா இழுக்கறோம், அது என்ன பண்றதுன்னு தெரியாம தலையை ஆட்டும், பின்னாடி போகும், நாம அதே அளவுல பிடிச்சுட்டே இருக்கணும், கூட்டவும் கூடாது விடவும் கூடாது, எப்ப அது ஒரு அடி முன்னாடி வச்சுதோ அந்த நொடியே கயிறைத் தளர்த்தணும். அந்தத் தளர்த்தறதுல தான் அது கத்துக்குது. இழுக்கறது கேள்வி, விடறது தான் சரின்னு சொல்ற பதில். ரெண்டு செகண்ட் தாமதமா விட்டா அதுக்கு எதுக்காக விட்டோம்னே தெரியாது, விடவே விடாம இழுத்துட்டே இருந்தா இழுக்கறதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும், வாய் மரத்துப் போன குதிரைன்னு சொல்றாங்களே அது அப்படித்தான் உருவாகுது. இப்ப அந்தப் போட்டோவை மறுபடி பாருங்க, லகான் நெஞ்சு வரைக்கும் இழுபட்டிருக்கு, பையன் தப்பு இல்ல, அவனுக்கு லகானைத் தவிர பிடிச்சுக்க வேற எதுவும் இல்ல, பேலன்ஸ் வராத பிள்ளை லகானைத் தான் தொங்கிப் பிடிக்கும். அப்ப அந்த இளங்குதிரைக்கு எது கேள்வி எது பதில்?

செவலைக்கு ரெண்டு வயசுக்கு அப்பறம் கையில பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சோம், ஒரு பெரிய குதிரையை முன்னாடி விட்டு, பின்னாடி இது. குதிரையோட கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கறதால கிட்டத்தட்ட 350 டிகிரி சுத்திப் பார்க்கும், நெத்திக்கு நேர் முன்னாடி கொஞ்ச தூரமும் வாலுக்கு நேர் பின்னாடியும் மட்டும் தெரியாது, அதனால பின்னாடிலேர்ந்து சத்தம் இல்லாம வந்து தட்டினா உதைக்கும், அது குணம் கெட்ட குதிரைங்கறதால இல்ல, ஆபத்துன்னா முதல்ல தப்பிக்கணும்னு தான் அதோட உடம்பே அமைஞ்சிருக்கு. வெயில்லேர்ந்து இருட்டு லாயத்துக்குள்ள நுழையும்போது நின்னுடும், அடம் பிடிக்குதுன்னு இழுக்காதீங்க, வெளிச்சம் மாறினா அதோட கண்ணு பழக நம்மள விட அதிக நேரம் எடுக்கும், கொஞ்ச நேரம் நின்னு தலையைத் தாழ்த்திப் பார்த்துட்டு தானே உள்ள வரும். இந்த நிக்கறது, காத்திருக்கறது, இதைத் தான் நான் அதுக்கும் சொல்லிக்குடுக்கறேன் அது மேல உட்காரப் போறவங்களுக்கும் சொல்லிக்குடுக்கறேன்.

மூணு வயசுல சேணத்தைக் காட்டினோம். காட்டினோம்னு தான் சொல்றேன், போட்டோம்னு இல்ல. வேலியில வச்சு மோந்து பார்க்கவிட்டு, அப்பறம் வெறும் துணியை முதுகுல போட்டு எடுத்து போட்டு எடுத்து, அப்பறம் லேசான சேணம், வயித்து வாரை ஒரே இழுப்பா இறுக்காம ஒரு ஓட்டை, நாலு அடி நடக்கவிடறது, இன்னொரு ஓட்டை. வார் இறுக்கும்போது முதல் தடவை பயந்த குதிரை வாழ்க்கை பூரா வாரைப் பார்த்தா வயித்தை ஊதிட்டு நிக்கும், கடிக்க வரும், அப்படி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு, எங்கேயோ யாரோ பத்து நிமிஷம் அவசரப்பட்டதுக்கு அது 12 வருஷமா பயப்படுது. சேணத்துக்கு அப்பறம் ரெண்டு நீள லகான் போட்டு நான் பின்னாடி நடந்துட்டே திருப்பறது, நிறுத்தறது, கிளப்பறது எல்லாம் பழக்கினோம், ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம் தான், நல்லா செஞ்சதும் நிறுத்திடணும், இன்னும் ஒரு தடவைங்கற ஆசை தான் கெடுக்கும். இப்ப மூணரையில, எங்க லாயத்துலயே எடை குறைஞ்ச, கை மெத்துன்னு இருக்கற ஒரு ரைடர் முதல்ல குறுக்க வயிறு படற மாதிரி சாய்ஞ்சு படுத்து இறங்கறா, அப்படி ஒரு வாரம், அப்பறம் கால் போட்டு உட்கார்ந்து நின்ன இடத்துலயே அஞ்சு நிமிஷம், அப்பறம் நான் தலைக்கயிறைப் பிடிச்சுட்டு பத்து அடி. அவ்வளவு தான். ரொம்ப சாதாரணமா, எந்த நாடகமும் இல்லாம போச்சு, அது துள்ளவே இல்ல. முதல் ஏத்தம் துள்ளலும் ஆர்ப்பாட்டமுமா இருந்தா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது எதையோ விட்டுட்டோம்னு அர்த்தம், அதைப் பார்த்துக் கைதட்டக்கூடாது.

இப்ப மேல உட்கார்றவங்க பக்கம். புதுசா வர்றவங்களை நான் எங்க பெரியவர் மேல தான் ஏத்துவேன், அவருக்கு 19 வயசு, காயடிச்ச குதிரை, குழந்தை சாய்ஞ்சா தானே அந்தப் பக்கம் நகர்ந்து தாங்குவார். முதல் சில வகுப்புல லகானே குடுக்க மாட்டேன். நீளக் கயிறுல குதிரையை என்னைச் சுத்தி வட்டமா நடக்கவிட்டு, மேல இருக்கறவங்க கையை விரிச்சு, சுத்தி, தலைக்கு மேல தூக்கி உட்காரப் பழகணும், காதும் தோளும் இடுப்பும் குதிகாலும் ஒரே நேர்கோட்டுல வரணும், அது வந்தப்பறம் தான் லகான். ஏன்னா தானா பேலன்ஸ்ல உட்காரத் தெரிஞ்சவன் கையில லகான் ஒரு பேச்சு, தெரியாதவன் கையில அது தொங்கற கயிறு. சில அப்பாக்கள் கோவப்படறாங்க, நாலு வகுப்பு ஆச்சு இன்னும் லகானைக் கூடக் குடுக்கலைன்னு, பக்கத்துல இன்னொரு இடத்துல மூணாவது நாளே ஓட்டம் விடறாங்கன்னு. நான் அவங்ககிட்ட நின்னு நிதானமா சொல்வேன், உங்க பையன் நான் நில்லுன்னு சொன்னதும் நடையில குதிரையை நிறுத்தட்டும், அப்பறம் ட்ராட்ல, அதாவது மெதுவான ஓட்டத்துல, நிறுத்தட்டும், ஓடற குதிரையிலேர்ந்து ரெண்டு காலையும் அங்கவடியிலேர்ந்து, அதாவது சேணத்துல தொங்கற கால் வைக்கற வளையத்துலேர்ந்து, எடுத்துட்டு பத்திரமா குதிச்சு இறங்கத் தெரியட்டும், அப்பறம் கேன்டர், அதாவது அதை விட வேகமான ஓட்டம் பத்திப் பேசலாம்னு. சிலர் கூட்டிட்டுப் போயிடறாங்க. வருத்தமா தான் இருக்கும்.

உடம்போட சின்ன அசைவு கூடக் குதிரைக்கு எவ்வளவு பெரிய சேதின்னு சொல்றதுக்கு பசங்ககிட்ட நான் எப்பவும் ஹான்ஸ் கதையைச் சொல்வேன். ஜெர்மனியில பெர்லின்ல 1900களோட தொடக்கத்துல வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன்னு ஒரு கணக்கு வாத்தியார் ஹான்ஸ்ங்கற குதிரைக்குக் கணக்கு சொல்லிக்குடுத்ததா ஊரே கூடிப் பார்த்துச்சு, கேள்வி கேட்டா குளம்பால தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒருத்தர் அதைப் பல விதமா சோதிச்சுப் பார்த்து 1907ல கண்டுபிடிச்சார், கேள்வி கேட்கறவருக்கே விடை தெரியலைன்னா குதிரைக்கும் தெரியாது, கேட்கறவரைப் பார்க்க முடியாம மறைச்சாலும் சொல்லாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கறவங்க தன்னை அறியாம தலையையும் உடம்பையும் துளி அசைக்கறாங்க, மனுஷக் கண்ணுக்கே பிடிபடாத அந்த அசைவைப் பார்த்து ஹான்ஸ் தட்டறதை நிறுத்துது. ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாதுன்னு சொல்லி எல்லாரும் அதை ஏமாத்துன்னு ஒதுக்கிட்டாங்க, எனக்கு அது கணக்கை விடப் பெரிய திறமையா தெரியுது. நாம மூச்சை இழுத்துப் பிடிச்சாலே அதுக்குத் தெரியுது. அப்படிப்பட்ட ஜீவன் மேல பயத்துல விறைச்சுப் போன ஒரு குழந்தையை உட்கார வச்சா, அதுவும் இன்னும் எதுக்கும் அர்த்தம் புரியாத வயசுல இருக்கற குதிரை மேல, அதுக்குக் கிடைக்கற சேதி என்ன, ஓடு, ஆபத்து, இது தான்.

அடக்கறதுங்கற வார்த்தையே எனக்குப் பிடிக்கல. டென்மார்க்ல லிஸ் ஹார்ட்டெல்னு ஒரு அம்மா, 1944ல போலியோ வந்து முழங்காலுக்குக் கீழ செயலிழந்து போச்சு, குதிரை மேல ஏறவும் இறங்கவும் ஆள் தூக்கிவிடணும், அந்த நிலைமையில ஜூபிலிங்கற தன்னோட குதிரையோட 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல ட்ரெஸ்ஸாஜ்ல, அதாவது குதிரையைத் துல்லியமா, அழகா நடத்திக் காட்டற போட்டியில, வெள்ளி வாங்கினாங்க, 1956லயும் வெள்ளி. பெண்கள் ஆண்களோட சேர்ந்து அந்தப் போட்டியில கலந்துக்கலாம்னு விட்டதே 1952ல தான். காலால அழுத்தி உத்தரவு குடுக்க முடியாத ஒருத்தர், இடுப்போட எடையை மாத்தி மாத்தியே அந்தக் குதிரையைக் கேட்க வச்சிருக்காங்க. பலத்தால அடக்கறது தான் சவாரின்னா அவங்களால ஒரு வட்டம் கூடப் போட்டிருக்க முடியாது.

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு எழுதறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல வேற ஒரு இடத்துல உதவியாளா இருந்தேன். ஒரு நாள் கூட்டம் அதிகம், பழகின குதிரைங்க எல்லாம் காலைலேர்ந்து ஓடி களைச்சுப் போச்சு, மூணு வயசு கூட ஆகாத ஒரு ஆண் குட்டிக்கு ரெண்டு வாரமா தான் சேணம் போட்டுட்டு இருந்தோம், அதுல ஒரு பன்னிரண்டு வயசுப் பொண்ணை ஏத்துன்னு சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஆனா புதுசு, வாயைத் திறக்கல, நானே கைகுடுத்து ஏத்தினேன். யாரோ ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை உதறினாங்க, குதிரை பக்கவாட்டுல பாய்ஞ்சுது, பொண்ணு சாய்ஞ்சா, செருப்பு போட்ட கால் அங்கவடிக்குள்ள முழுசா நுழைஞ்சு மாட்டிக்கிச்சு, இருபது அடி இழுத்துட்டுப் போச்சு. கை எலும்பு முறிஞ்சுது, ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சுது. அந்தப் பொண்ணு அப்பறம் குதிரை பக்கமே வரல. அந்தக் குட்டியை அன்னிக்கு சாயங்காலமே நல்லா அடிச்சாங்க, அதுக்கு அப்பறம் யாரு ஏறினாலும் நடுங்கும், கொஞ்ச நாள்ல வித்துட்டாங்க, எங்க போச்சுன்னு தெரியல. 18 வருஷத்துல நான் மறக்காத ரெண்டு முகம் அதுங்க ரெண்டும் தான். முடியாதுன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும்.

அதனால இப்ப எங்க இடத்துல சில விஷயத்துல விட்டுக்குடுக்கறதே இல்ல. குதிகால் வச்ச ஷூ இல்லாம யாரும் அங்கவடியில கால் வைக்க முடியாது, அந்தக் குதிகால் தான் கால் உள்ள வழுக்கிப் போகாம தடுக்குது. ஹெல்மெட் தாடை வார் மாட்டியிருக்கணும், ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டை வெளியில கீறல் தெரியலைன்னாலும் மாத்திடுவோம், உள்ள இருக்கறது நசுங்கியிருக்கும். கயிறை யாரும் கையில சுத்திக்கக்கூடாது, மடிச்சுப் பிடிக்கணும். எடையும் பார்ப்போம், மேல உட்கார்றவரும் சேணமும் சேர்ந்து குதிரையோட எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாதுங்கறது பல இடத்துல கடைப்பிடிக்கற அளவு, 400 கிலோ குதிரைன்னா 80 கிலோ. இளங்குதிரைக்கு அதுலயும் நான் ரொம்பக் குறைச்சுத் தான் வைப்பேன். பெரிய ஆளுங்க சிலர் முகத்தைச் சுளிப்பாங்க, அவங்களுக்கு தரையில நின்னு குதிரையைக் கையாளற பயிற்சி குடுப்போம், அதுல சவாரியை விட அதிகமா கத்துக்கலாம்னு அப்பறம் அவங்களே சொல்வாங்க.

சின்ன லாயம் நடத்தறவங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஒரு குட்டி பிறந்து வருமானம் குடுக்க நாலஞ்சு வருஷம் ஆகும், அது வரைக்கும் அதுக்குத் தீனி போடணும், குளம்பு, தடுப்பூசி, பல்லுன்னு பார்க்கணும், புல்லும் வைக்கோலும் நாள் பூரா கொறிச்சுட்டே இருக்கணும் ஏன்னா அதோட வயித்துல அமிலம் விடாம சுரந்துட்டே இருக்கும், வெறும் வயிறா நின்னா புண்ணாகும். ஏற்கெனவே இருக்கற ஆறு குதிரை சம்பாதிக்கறதை இது சாப்பிடும். அந்த நெருக்கடியில ரெண்டு வயசுலயே ஒரு குழந்தையை ஏத்தினா என்னன்னு தோணும், எனக்கும் தோணியிருக்கு. நாங்க என்ன பண்றோம்னா, ஒவ்வொரு வருஷமும் குட்டி எடுக்கறதில்ல, வயசான குதிரைங்களை விக்காம வச்சுக்கறோம், அதுங்க தான் உண்மையில வாத்தியாருங்க, புது ஆளுங்களைச் சுமக்கற வேலை அதுங்களுக்கு, அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு வகுப்புக்கு மேல கிடையாது, வாரத்துல ஒரு நாள் முழு ஓய்வு. நிறைய இடத்துல 15 வயசு ஆனதும் கிழடுன்னு தள்ளிடறாங்க, நல்லா பார்த்துக்கிட்டா குதிரை 25, 30 வயசு வரைக்கும் வாழும், லேசான சவாரிக்கு இருபது வயசுலயும் சந்தோஷமா வரும். கிழட்டுக் குதிரையில ஏத்தி ஏமாத்தறாங்கன்னு நினைக்கற அப்பா அம்மாக்களே, உங்க குழந்தைக்குக் கிடைக்கறதுலயே நல்லது அது தான், தயவுசெஞ்சு கேட்டு வாங்குங்க.

எந்த லாயத்துல சேர்த்தாலும் முதல்ல குழந்தையை ஏத்தப் போற குதிரையோட வயசைக் கேளுங்க, எத்தனை வருஷமா சவாரியில இருக்குன்னு கேளுங்க, சேணம் கழட்டினப்பறம் முதுகைப் பார்க்க விடச் சொல்லுங்க, வெள்ளை முடி திட்டுத்திட்டா இருந்தா சேணம் பொருந்தாம அழுத்தின பழைய தழும்புன்னு தெரிஞ்சுக்கலாம். வகுப்பு நடக்கும்போது ஒரு அரை மணி நேரம் ஓரமா நின்னு குதிரைங்களோட காதை மட்டும் பாருங்க. காது முன்னாடியும் பக்கவாட்டுலயும் அசைஞ்சுட்டே இருந்தா அது கேட்டுட்டு இருக்குன்னு அர்த்தம். எல்லாக் குதிரையும் காதைப் பின்னாடி ஒட்டிட்டு நடக்கற இடமா இருந்தா கூட்டிட்டு வந்துடுங்க. கேள்வி கேட்டா கோவப்படற இடத்துலேர்ந்தும்.

ஆசிரியர் ஐயா, அந்தப் பையன் மேலயோ அவங்க வீட்டு ஆளுங்க மேலயோ எனக்கு எந்த வருத்தமும் இல்ல, அவன் கண்ணுல ஆசை தெரியுது, சரியான கையில கிடைச்சா நல்ல ரைடரா வருவான். உங்ககிட்ட கேட்கறது சின்ன விஷயம் தான். உங்க பேப்பரைப் பார்த்துட்டு அந்த வாரமே எங்ககிட்ட நாலு பேர் போன் பண்ணி, அந்த மாதிரி சின்னக் குதிரை இருக்கா, எங்க குழந்தைக்குப் பெரிய குதிரைன்னா பயம்னு கேட்டாங்க. அதனால இனிமே சவாரி பத்திப் போடற போட்டோவுல ஹெல்மெட்டும் ஷூவும் இருக்கான்னு பார்த்துப் போடுங்க, குழந்தை பேரு வயசு போடற இடத்துல குதிரையோட வயசையும் ஒரு வார்த்தை கேட்டுப் போடுங்க, முடிஞ்சா ஒரு குதிரை டாக்டரைப் பேசவச்சு இதே இணைப்புல அரைப் பக்கம் எழுதுங்க. உங்க நிருபர் வர்றதா இருந்தா செவலையைக் கையில பிடிச்சு நடத்திக் காட்டறேன், சவாரி காட்ட மாட்டேன், அதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

இப்படிக்கு,
சின்ன லாயம் ஒண்ணுல சவாரி சொல்லிக்குடுக்கற ஒரு வாசகர்